நடுவழியில் ஒரு செருப்பு

கோவையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கும் கிருபாவதியைக் கண்டால் டாக்டர்களுக்கே கொஞ்சம் பயம். பரம்பரைக் குறையால் மங்கிய வெளிச்சத்தில் எதுவும் தெரியாத பிள்ளைகளைச் சோதிக்கும் அறை அவள் பொறுப்பு. விளக்கைக் குறைத்துவிட்டு, வழியில் ஸ்டூல், வாளி என்று எதையாவது வைப்பாள். பிள்ளைகள் இடிக்காமல் நடக்க வேண்டும். அவர்களோ சத்தத்தை வைத்தே வழி கண்டுபிடித்துவிடும் கெட்டிக்காரர்கள். அதனால் உள்ளே யாரும் வாய் திறக்கக்கூடாது. செருப்புச் சத்தம்கூட ஆகாது என்று அவளே வெறுங்காலோடுதான் நடப்பாள்.

கோட்டைமேட்டுச் சிறுமி ரம்ஷா போன தடவை எல்லாவற்றிலும் முட்டிக்கொண்டு அழுதவள். அதன்பிறகு, பழுதான மரபணுவின் வேலையைச் செய்ய நல்ல மரபணு ஒன்றை அவள் கண்ணுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். இன்று மறுபடி சோதனை; டாக்டரும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துப் போ கண்ணு" என்றாள் அவள் அம்மா ஃபஹீமா.

கிருபாவதி சீறினாள். "ஏனுங்க அம்மணி, கொஞ்ச நேரம் வாயத் தொறக்காம இருங்க!"

ரம்ஷா ஸ்டூலைச் சுற்றிப் போனாள். வாளியைத் தாண்டினாள். சட்டென்று நின்று, குனிந்து, எதையோ எடுத்துத் தூக்கிக் காட்டினாள். அவசரத்தில் கிருபாவதி கழற்றிவிட்டு மறந்துபோன கறுப்புச் செருப்பு.

"ஏனுங்க ஆயாம்மா, இத நடுவழில உட்டுப்போட்டுப் போனா யாராச்சும் தடுக்கி உழுந்துற மாட்டாங்களா?"

அறையில் முதலில் கத்தியது கிருபாவதிதான்.

"தெரியுதுங்க டாக்டர்! எம்பட பிஞ்ச செருப்பு புள்ளைக்குத் தெரியுதுங்க!"