பறியைக் கடித்த வாய்

என் தங்கை இறால் பிடிக்கும்போது பேச மாட்டாள். பேச முடியாது. பனையோலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கடித்தபடி, கழுத்தளவு தண்ணீரில் குந்தி நகர்வாள். இரண்டு கையும் அடியில் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கும். இறால் தட்டுப்பட்டதும் எடுத்துப் பறிக்குள் போடுவாள். பறி அவள் மோவாய்க்குக் கீழே மிதந்துகொண்டே கூட வரும். வாய் பூட்டியிருப்பதால் மூச்செல்லாம் மூக்கு வழியாகத்தான். முகம் முங்கினால் மூச்சு நின்றுவிடும். பழவேற்காடு ஏரியில் எங்கள் ஆட்கள் ஆணும் பெண்ணும் இப்படித்தான் பிடிக்கிறோம். படகும் வலையும் லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர்களுக்கு. எங்களுக்குக் கையும் வாயும்.

நான் படித்து, சென்னையில் ஒரு நாளிதழில் மற்றவர்கள் எழுதுவதைத் திருத்தும் வேலைக்குப் போய்விட்டேன். வார விடுப்பில் அனுப்பம்பட்டில் ரயிலிறங்கி வீட்டுக்கு வருவேன். சென்ற மழைக்காலம் முடிந்த சமயம் அப்படி வந்தபோது தங்கை வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். திருக்கை மீனின் வால்முள் குத்திப் பாதம் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. பொழுது போகட்டும் என்று என் போனைக் கொடுத்தேன். அதில் யாரோ ஆழ்கடலில் நீந்தும் வீடியோ ஒன்று ஓடியது. முதுகில் சிலிண்டர், முகத்தில் கண்ணாடி, சுற்றிலும் மீன்கள்.

"இது நெசமாக்கா?"

"நெசந்தான்."

"தண்ணி இப்டி கூட இருக்குமா?"

எங்கள் ஏரியில் முழங்கைக்குக் கீழே கை தெரியாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து தண்ணீரில் கிடக்கிறவள், தண்ணீருக்குள் எதையும் பார்த்ததில்லை. இறாலின் மீசை, நண்டின் கொடுக்கு, கண்ணாடிச் சில்லு எல்லாம் அவளுக்கு விரலில்தான். வீடியோவை மறுபடி மறுபடி ஓடவிட்டாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஒரு தபா பாக்கணும்க்கா. என் கால்ல குத்தினது இன்னானு பாக்கணும்" என்றாள்.

ஆழ்கடல் நீச்சல் விடுமுறைக்கு நாங்கள் திட்டமிட்டது இப்படித்தான். வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

"இங்க இல்லாத தண்ணியா?" என்றார் அவள் கணவர். "காசு குடுத்து முங்கறாங்களாம். வெளிய சொல்லாதீங்க, சிரிப்பாங்க."

எங்கள் நைனா வாயிலிருந்த பீடியை எடுத்தார். "முங்கறதுக்கு வாத்தியார் வேற வெச்சிகிறானாமே. நானும் வரேன். அந்தாளுக்கு ரெண்டு சொல்லிக் குடுக்கறேன்."

"நீ வந்தா தண்ணிக்குள்ள பீடிய எப்டி பத்த வெப்ப?" என்றாள் தங்கை.

ஒரு நிறுவனத்தில் புதுச்சேரிக் கடலில் இறக்குவார்கள், அதற்கு முன் சென்னையில் நீச்சல் குளத்தில் பயிற்சி என்று விசாரித்து வைத்திருந்தேன். நாள் குறிக்க அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏரியில் நீரோட்டம் அதிகம். இறால் கிளம்பும் நாட்கள் அவை. தங்கையால் வர முடியாது. அஷ்டமியை ஒட்டித் தண்ணீர் அடங்கியிருக்கும். கடலிலும் அதுதான் கலங்கல் குறைந்த நேரம். எனவே அஷ்டமிக்கு முன்பின் இரண்டு நாள் கேட்டேன்.

"மேடம், நாங்க நல்ல நேரம், ராகு காலம்லாம் பாக்கறதில்ல. வீக்எண்ட் போட்டுடவா?" என்றான் மறுமுனையில் ஒருவன். பின்னால் யாரோ சிரித்தார்கள். நீரோட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று விளக்கினேன். "ஓகே மேடம், உங்க நம்பிக்கை" என்று நாளைக் குறித்துக்கொண்டான். கடலைக் காட்டிப் பிழைக்கிற அலுவலகத்தில் நிலவைப் பற்றிப் பேசினால் சிரிக்கிறார்கள். போனை வைத்த பிறகும் என் காது சூடாகவே இருந்தது.

குளத்துக்குப் போனோம். பயிற்சியாளர் பொறுமையான மனிதர்தான். விதிகள் எளிமையானவை. ரப்பர் குழாயின் வாய்ப்பகுதியை லேசாகப் பல்லில் பிடிக்க வேண்டும், வாயால் மூச்சு விட வேண்டும், எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்கக் கூடாது. மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரல் கிழியலாம் என்றார். தங்கை தலையாட்டினாள். குழாயை வாயில் வைத்துக்கொண்டு முங்கினாள்.

குமிழி வரவில்லை.

எழுந்தாள். மறுபடி முங்கினாள். இந்த முறை மூக்கால் மூச்சிழுத்திருக்கிறாள். கண்ணாடி முகத்தோடு ஒட்டிக்கொண்டது. மூக்கால் விட்டபோது கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. மூன்றாவது முறையும் அதேதான். பயிற்சியாளர் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: அவர் பயந்துவிட்டாராம், சிலருக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதாம்.

தங்கை கண்ணாடியைக் கழற்றினாள். "இன்னா சொல்றாரு?"

"நீ பயப்படறியாம்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்கு? இந்தத் தொட்டிக்கா?"

அவள் தாடையைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. பல்லுக்கிடையில் ஒன்று வந்ததும் அந்த உடம்பு பறியைக் கடித்த உடம்பாகிவிடுகிறது. வாய் பூட்டிக்கொள்கிறது. மூச்சு மூக்குக்குப் போகிறது, முகம் முங்கினால் நிற்கிறது. இதைப் பயிற்சியாளரிடம் சொன்னேன். அவர் யோசித்தார். ஆனால் குளக்கரையில் போன் பேசிக்கொண்டிருந்த நிறுவன உரிமையாளர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"வாயில கூடையா? ஒன்ஸ் மோர் சொல்லுங்க மேடம்."

சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். எந்தச் சாதி என்று வேறு வார்த்தைகளில் கேட்டார். பிறகு, "இது எவ்ளோ பெரிய ஸ்டோரி தெரியுமா? கட்டணமே வேணாம். அந்தக் கூடைய எடுத்துட்டு வாங்க. கடலுக்கு அடியில, பாறை பக்கத்துல, அக்கா அந்தக் கூடைய வாயில கடிச்சிக்கிட்டு. ஒரே ஷாட்" என்றார்.

"இவளுக்கு இன்னும் மூச்சு விட வரலியே" என்றேன்.

"அது தேவையே இல்ல. ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சி இறக்கிடுவோம். ரெண்டு நிமிஷ வேலை."

இத்தனை வருடத்தில் இப்படிப்பட்ட எத்தனையோ படங்களுக்கு என் மேசையில் வரி எழுதியிருக்கிறேன். படத்தில் இருப்பவரின் பெயர் இருக்காது. சிரிப்பு இருக்கும், பல் இருக்கும், 'முதன்முறையாக' என்ற சொல் இருக்கும். சற்றுமுன் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதவளாக இருந்தவள், வாயில் கூடை என்றதும் கடலுக்கு அடியில் போகத் தகுதி பெற்றுவிட்டாள். மூச்சு விடக் கற்றுக்கொடுக்க நேரமில்லாதவர்களுக்குப் படம் பிடிக்க நேரமிருந்தது. முடியாது என்றேன். தங்கையின் ஈரத் துணிகளை நானே பைக்குள் திணித்து, அவள் கையைப் பிடித்து வெளியே வந்தேன்.

ரயிலில் அவள் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். எனக்கு நன்றி சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மீஞ்சூர் தாண்டியதும் திரும்பினாள்.

"உன்ன ஆரு பேச சொன்னது?"

"அவன் உன்ன வேடிக்கைப் பொருளா ஆக்கப் பாக்கறான்டி."

"ஆக்கட்டும். ஏரில குந்திகினு கீறப்ப கார்ல வரவன் எல்லாம் போட்டோ எடுக்கல? அப்ப எங்க போன நீ?"

"அதுக்கும் இதுக்கும்..."

"உன் ரோசத்த நீ வெச்சிக்க. எனுக்கு எதுக்கு ஊட்டி உட்ற? எனுக்குப் பாக்கணும். அவ்ளோதான். நீ ஆபீஸ்ல குந்திகினே உலகத்த எல்லாம் பாத்துட்ட." எதிரில் இருந்த பெண் எங்களைப் பார்ப்பது தெரிந்தும் குரலைத் தாழ்த்தவில்லை. "போனக் குடு."

கொடுத்தேன். உரிமையாளரை அவளே அழைத்தாள். "சார், நாந்தான், கூடக்காரி. வரேன். பறியும் எடுத்துகினு வரேன். ஆனா மொதல்ல மூச்சு உடக் கத்துக் குடுக்கணும். அது வந்தப்புறந்தான் கடல்ல எறங்குவேன். ரெண்டு ஆள் புடிச்சிகினு போவறதுக்கு நான் இன்னா பொணமா?" அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவள் "ம்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனை என் மடியில் போட்டாள். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஆள் மேல் இருந்த கோபத்தில் பாதி அவள் பக்கம் திரும்பியிருந்தது.

அடுத்த அஷ்டமி வரை வீட்டில் ஒரே கூத்து. துணி மாட்டும் கிளிப்பை மூக்கில் போட்டுக்கொண்டு, பறியைக் கடித்தபடி, வாயோரத்தால் மூச்சு விட்டுக்கொண்டே சமைப்பாள், பெருக்குவாள், நண்டு பிரிப்பாள். முதலில் எச்சில் ஒழுகியது. மூச்சுக்குப் பறி ஊதல் போலச் சத்தமிட்டது.

"சோத்துல எச்சி உழாம பாத்துக்க" என்றார் கணவர்.

அவள் கிளிப்பை எடுத்தாள். "வேணான்னா நீ ஆக்கு." திரும்ப மாட்டிக்கொண்டாள்.

குளத்துக்கு மறுபடி போனபோது முதல் முங்கலிலேயே குமிழிகள் வந்தன. கொத்துக்கொத்தாக, சீராக. கண்ணாடிக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு வெளியேற்றுவது, தவறிப்போன குழாயைத் தேடி வாயில் வைப்பது எல்லாம் அன்றே வந்தன. நானும் கூடவே முங்கிப் பழகினேன். பயிற்சியாளர் உண்மையாகவே மகிழ்ந்தார். அந்த ஒரு மணி நேரம் அவரிடம் எனக்குக் கோபம் இல்லை.

புதுச்சேரியில் கடல் அடங்கிக் கிடந்தது. நாங்கள் இருவர், பயிற்சியாளர், காமிராக்காரர் என நால்வர் இறங்கினோம். உரிமையாளர் படகிலேயே இருந்தார். கயிற்றைப் பிடித்து மெல்ல மெல்லக் மூக்கைப் பொத்தி ஊதிக் காதடைப்பை எடுத்தபடி கீழே போனோம். அடியில் மணலும், சிறு பாறைகளும். வீடியோவில் பார்த்த நீலமில்லை; வெளிர் பச்சை. ஆனால் தெரிந்தது. என் கால் விரல் வரை தெரிந்தது. தங்கை முதலில் பார்த்தது தன் இரண்டு கைகளைத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அப்போது காமிராக்காரர் பறியை அவளிடம் நீட்டினார். நீட்டிவிட்டுத் தன் வாயைத் தொட்டு, குழாயைக் கழற்றுவதுபோலக் காட்டினார். பிறகு பல்லால் கடிப்பதுபோலக் காட்டினார்.

எங்களில் ஒருவருக்குமே இது முன்பே உறைக்கவில்லை. வாய் ஒன்றுதான். பறியைக் கடிக்க வேண்டுமென்றால் காற்றைத் துப்ப வேண்டும். பறியைக் கடித்த கணத்தில் அவள் உடம்பு பழையபடி மூச்சை அடக்கும். எதைச் செய்யவே கூடாது என்று வாரக்கணக்கில் பழகினாளோ, அதைக் கடலுக்கு அடியில் செய்து காட்டச் சொல்கிறார்கள். நான் கையை வேகமாக ஆட்டினேன். கத்தினேன், குழாய்க்குள் ஏதோ உறுமியது, அவ்வளவுதான். பயிற்சியாளர் உபரிக் குழாயைக் கையில் எடுத்துத் தயாராக நின்றார். தடுக்கவில்லை. தயாராக நின்றார். அவரையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

தங்கை பறியை வாங்கினாள். காமிராவைப் பார்த்தாள். பறியின் கயிற்றுக்குள் கையை விட்டு, தோளில் பையை மாட்டுவதுபோல மாட்டிக்கொண்டு, காமிராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். மணலை ஒட்டித் தாழ்ந்து நகர்ந்தாள். ஏரியில் துழாவும் அதே நகர்வு. கைகள் மட்டும் எதையும் தொடவில்லை. காமிராக்காரர் சுற்றி வந்து முன்னால் போனார். அவள் மறுபடி திரும்பினாள்.

ஓரிடத்தில் நின்றாள். விரலால் சுட்டினாள். எனக்கு மணல்தான் தெரிந்தது. பிறகு மணலில் இரண்டு கண்கள் தெரிந்தன. கண்களைச் சுற்றி ஒரு தட்டின் விளிம்பு போல வட்டம், வால். அகலமான திருக்கை ஒன்று மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. தங்கை அசையாமல் அதையே பார்த்தாள். குமிழிகள் மட்டும் அவள் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தன. அது கிளம்பி மணலை உதறிவிட்டுப் போகும் வரை பார்த்தாள்.

படகில் ஏறியதும் உரிமையாளர் கேட்டார், "இன்னாம்மா இது? பேசினது ஒண்ணு, நீ பண்ணது ஒண்ணு?" குளக்கரையில் அக்காவாக இருந்தவள் இப்போது அம்மாவும் நீயும் ஆகியிருந்தாள்.

"பறி எடுத்துகினு வரேன்னேன், வந்தேன். வாய்ல காத்து இருந்துச்சி சார். நீங்கதான மூச்ச அடக்கவே கூடாதுன்னீங்க."

"ரெண்டு செகண்ட்தான் கேட்டோம்."

"அப்ப நீங்க எறங்குங்க. மூக்குக்குக் கிளிப்பு நான் தரேன்."

பயிற்சியாளர் கடலைப் பார்த்துக்கொண்டார். நான் மனதுக்குள் எழுதி வைத்திருந்த ஆத்திரம் முழுவதும் அப்படியே இருந்தது. அவள் அதற்கு இடம் வைக்கவில்லை. கரையில் இறங்கும்போதுதான் என் காதருகே சொன்னாள், "அது ஓரமா, அதும்பாட்டுக்குப் படுத்துகினு கீது. நாந்தான் மேல கால வெச்சிகிறேன். இத்தினி நாளா அத்தப் போயி திட்டிகினு இருந்தேன்."

வீடியோவை வெளியிட்டார்கள். அவள் முதுகும் தோளில் பறியும் வரும் சில நொடிகள். மேலே ஒரு வரி: வாழ்க்கையில் முதன்முறையாகத் தண்ணீருக்குள் இறங்கிய ஏழைப் பெண். அந்த வரியில் உண்மையான சொல் 'பெண்' ஒன்றுதான். திருத்தம் கேட்டு எழுதினேன். பதில் இல்லை. இன்னொரு முறை எழுதினேன். இன்னும் எழுதுவேன்.

அந்த வாரம் அவளோடு ஏரியில் இறங்கினேன். நான் இறங்கிப் பல வருடமாகியிருந்தது. அவள் காலைத் தூக்கி வைக்காமல் சேற்றில் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தாள், படுத்திருப்பது எழுந்து போக நேரம் கொடுப்பதுபோல. பறியைக் கடித்தாள், குந்தினாள். முகம் முங்கியது. குமிழி வந்தது.

அடுத்த கணம் இருமிக்கொண்டே எழுந்தாள். பறியைக் கடித்த வாய் பூட்டிக்கொள்ள மறந்திருந்தது; வாய் நிறைய ஏரித் தண்ணீர். பறி கவிழ்ந்து, அதுவரை பிடித்த இறாலெல்லாம் போயிற்று. காறித் துப்பினாள். பயிற்சியாளரை, உரிமையாளரை, காமிராக்காரரை, கடைசியாக என்னை, வரிசையாகத் திட்டினாள்.

"நல்லா இருந்த வாயி. பேஜார் பண்ணி உட்டானுங்க."

கவிழ்ந்த பறியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. தண்ணீரில் கையை முழங்கை வரை விட்டு, கீழே தெரிகிறதா என்று பார்த்தாள். தெரியவில்லை. கையை இன்னும் ஆழமாக விட்டாள். மறுபடி பார்த்தாள்.

"ச்சே," என்றாள். பறியைப் பிடுங்கிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டாள்.