சாமி படம் இல்லாத சிடிகள்

நீளமான ஸ்குரு டிரைவரின் முனையை மோட்டாரின் தலையில் ஊன்றி, பிடியைக் காதுக்குழியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் பூவனநாதன். மோட்டார் ஓடுகிறது. அதைக் கொண்டுவந்த கயத்தாறு விவசாயி, டாக்டர் முன்னால் நிற்பவரைப் போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அரை நிமிடம் போகிறது.

"மேல் பேரிங்கு போயிட்டு. காயிலு நல்லாத்தான் இருக்கு. எவன் சொன்னான் கருகிட்டுன்னு?"

சொன்னவன் யார் என்று இருவருக்கும் தெரியும். அடுத்த தெருவில்தான் கடை வைத்திருக்கிறான்.

கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில், ஒரு லாரி நுழையும் அகலத்தில் இருக்கிறது பூவனநாதனின் பட்டறை. கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, உள்ளே புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். ஊரில் அதற்குக் 'காயில் கட்டுவது' என்று பெயர். வயது ஐம்பத்து நான்கு. முப்பது வருடமாக வார்னிஷ் வாசனையிலேயே இருப்பதால் மூக்குக்கும் நாக்குக்கும் எதுவும் தெரிவதில்லை, சாம்பாரில் உப்பு கூடியதையே பிறர் சொல்லித்தான் கண்டுபிடிப்பார் என்கிறார் அவர் மனைவி ராதாமணி. காது மட்டும் வேறு கதை. பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொள்வார். திருநெல்வேலி பஸ்காரர்கள் அடிக்கிற ஹாரனுக்குக் காதைக் காவு கொடுக்க அவர் தயாரில்லை. "கடையில போட்ட முதலு போனா திரும்பப் போட்டுக்கிடலாம். காதுல போட்ட முதலு போனா எங்கன போயி வாங்க?"

மனிதர்களைக் கம்பியின் கேஜைக் கொண்டே அளக்கிறார். எண் கூடக் கூடக் கம்பி மெலியும். சீக்கிரம் கோபப்படும் ஆளைப் பார்த்து, "அவன் முப்பத்தாறாம் கேஜுய்யா, கொஞ்சம் லோடு கூடுனாலும் கருகிருவான்" என்பார். எது போலியாகத் தெரிந்தாலும் ஒரே தீர்ப்புதான்: "செம்புக்குப் பதிலா அலுமினியம் சுத்திருக்கான்." தேர்தல் பேச்சு, கல்யாணச் சாம்பார், எம்பி3 பாட்டு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எம்பி3-இன் மேல்தான் அந்தத் தீர்ப்பு அதிகம் விழுந்தது. காரணம், அவர் சேர்த்து வைத்திருந்த நூற்று எண்பத்தாறு சிடிகள். பெரும்பாலும் நாதஸ்வரம். நூற்று அறுபது கடையில் வாங்கியவை. மிச்சம் இருபத்தாறு அவரே பிடித்தவை. சுற்றுவட்டாரக் கோயில் கொடைத் திருவிழாக்களில் ஜெனரேட்டர் பார்க்கப் போகும்போது ஒரு டேப் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு போவார். நாதஸ்வரக்காரரின் காலடியில் வைத்துவிட்டு, சத்தம் படாமல் ஜெனரேட்டரை ஊருணிக் கரைக்கு நகர்த்திவிடுவார். இப்படிப் பத்து வருடம் பிடித்த கேசட்டுகளை ஊரில் இருந்த ஸ்டூடியோக்காரர் வெள்ளைச் சிடிகளாக மாற்றிக் கொடுத்தார். பிறகு அவர் திருப்பூருக்குப் போய்விட்டார், கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயின. வாசித்தவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை. அந்த இருபத்தாறு சிடிகளைத் தவிர அவர்கள் வாசிப்புக்கு வேறு பிரதி கிடையாது.

காட்டுக் கிணறுகளுக்கு மொபெட்டில் போகிறபோது பையில் ஒரு சிடி வாக்மேன் இருக்கும். கரிசல் பாதையில் ஒவ்வொரு வெடிப்புக்கும் அது குதிக்கும். "ராகம் ஏறிக்கிட்டே இருக்கும். ஒரு பள்ளம் வரும். டொக்குன்னு அடுத்த ஊருக்குப் போயிரும்." இதைப் போனில் நூறு தடவை கேட்டுச் சலித்த மகள் ஜெயப்பிரியா, சென்னையில் தன் முதல் போனஸ் வந்ததும் சீட்டுக்கட்டு அளவில் ஒரு பிளேயர் வாங்கினாள். நூற்று எண்பத்தாறு சிடியும் அதற்குள் அடங்கும். 2008 பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொன்னாள். "அதுக்குள்ள பாட்ட எல்லாம் வீட்டு கம்ப்யூட்டர்ல ஏத்தி வைங்கப்பா. எம்பி3 ஆக்கிராதிய. அப்படியே ஏத்துங்க."

அப்படியே ஏற்றினார். அங்கேதான் வினை.

மகள் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் அது. கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிறு காலை ஆறு மணிக்கு அதன் முன் உட்கார்ந்தார். சிடியைப் போட்டால் பாட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. அப்படியே இழுத்து, ஃபோல்டர் என்கிற ஒரு பெட்டியில் போட்டார். கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. சந்தேகம் அவருக்குக் கூடவே பிறந்தது. ஹெட்போனை மாட்டி, ஏறிய பாட்டைச் சொடுக்கிக் கேட்டார். தவிலின் வலது முகத்தில் விரலில் மாட்டிய கூடு விழும்போது தெறிக்கிற அந்தக் கூர்மை அப்படியே இருந்தது. சிடியில் கேட்டதற்கும் இதற்கும் ஒரு இம்மி வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு சிடிக்கும் இதே சோதனை. விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்தபோது நூற்று எண்பத்தாறும் ஏறியிருந்தது.

"ஒரே நாள்ல முடிச்சிட்டேன். சுத்தச் செம்பு" என்று மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டிய பிறகு பழைய கம்பியை யாரும் வைத்துக்கொள்வதில்லை, காயலான் கடைக்குத்தான் போகும். முப்பது வருடப் பழக்கம். இடைசெவலில் இருக்கும் அக்கா முத்துத்தாய், கம்பும் சோளமும் போட்டிருந்தாள். பக்கத்துக் காட்டில் சிடி கட்டிக் குருவி விரட்டுவதைப் பார்த்துவிட்டு, "ஒங்கிட்ட வேண்டாதது இருந்தா குடேன்லே" என்று கேட்டு வைத்திருந்தாள். உறைகளை மட்டும் அலமாரியில் வைத்துக்கொண்டு சிடிகளைச் சாக்கில் போட்டு அனுப்பிவிட்டார்.

மார்கழிக் கடைசிச் சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கிய ஜெயப்பிரியா, பல் தேய்த்த கையோடு கம்ப்யூட்டரைத் திறந்தாள். பெட்டியின் அளவைச் சொடுக்கிப் பார்த்தாள்.

"யப்பா, இந்தப் பொட்டியில இருக்கது மொத்தமும் சேத்து ஒரு போட்டோ அளவுகூட இல்லையே."

"அதான் கம்ப்யூட்டரு. சுருக்கிருக்கும்."

"சுருக்கல. பாட்டே இல்ல. இது வெறும் வழிகாட்டிப் பலகை. 'பாட்டு சிடியில இன்ன எடத்துல இருக்கு'ன்னு சொல்லுது, அவ்வளவுதான்."

"நான் கேட்டேம்ட்டி! ஒவ்வொண்ணாக் கேட்டேன்!"

"கேக்கும்போது சிடி உள்ளயா இருந்துச்சு?"

இருந்தது. அவர் கேட்டது அத்தனையும் சிடியேதான். வித்தியாசம் இல்லை என்று காது சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

அடுப்படியிலிருந்து ராதாமணியின் குரல் வந்தது: "காதெல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கு. அதுக்குக் கீழ இருக்கதுதான் வேல செய்யல."

பூவனநாதன் மொபெட் சாவியைத் தேடினார். சட்டைப்பையிலேயே இருந்த சாவியைக் கண்டுபிடிக்க மூன்று நிமிடம் ஆனது.

இடைசெவலுக்குப் பாதை பிரியும் முன்பே தூரத்தில் மினுக்கம் தெரிந்தது. பச்சைக் கம்புக்கு மேலே பளிச், பளிச்சென்று வெயில் வெட்டியது. பின்னால் உட்கார்ந்திருந்த மகள் அவற்றை எண்ணத் தொடங்கினாள்.

வரப்பில் நின்ற முத்துத்தாய் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். "ஏலே பூவனம்! மகளக் கூட்டிட்டு வந்திருக்க. இங்கன வாட்டி, எளச்சுப் போயிட்டியே. பாத்தியாலே, ஒரு குருவி அண்டல."

"யக்கா, எத்தனயக் கட்டுன?"

"இருவத்தாறுதான். கட்டி மூணு நாளாச்சு. மத்ததெல்லாம் சாக்குல கெடக்கு."

"எதுஎதுன்னு பாத்தா கட்டுன?"

"பாக்காம? எல்லாத்துலயும் புள்ளையாரு, முருகன், அம்மன்னு சாமி படம்லா போட்டிருக்கு. அதக் கொண்டுபோயிக் காட்டுல தொங்கவிட்டா காக்கா பேலும். பாவம்லா? படம் இல்லாத மொட்ட வெள்ளையா பொறுக்கிப் பொறுக்கிக் கட்டுனேன்." மெச்சுவான் என்று தம்பியைப் பார்த்தாள்.

பூவனநாதன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கடையில் மறுபடி வாங்கக்கூடிய நூற்று அறுபதும் சாக்கில் பத்திரமாக இருந்தன. எந்தக் கடையிலும் கிடைக்காத இருபத்தாறு மட்டும் வெயிலில் ஆடின.

ஜெயப்பிரியா கம்புக்குள் இறங்கி முதல் கயிற்றை அவிழ்த்தாள். ஒற்றைச் சிடி என்று தூரத்தில் தெரிந்தது, இரண்டு சிடிகள். எழுத்துப் பக்கம் உள்ளே, மினுக்கும் பக்கம் வெளியே என்று ஒட்டவைத்து, நடு ஓட்டையில் நூல் கோத்து, ஒன்றோடொன்று உரசாமல் இறுக்கிக் கட்டியிருந்தது.

"அத்தே, ஏன் ரெண்டு ரெண்டாக் கட்டுனிய?"

"ஒரு பக்கம் மினுக்கம், ஒரு பக்கம் மொட்டைல்லா. ஒத்தையாத் தொங்குனா பாதி நேரம் மொட்டையத்தான் காட்டுது. குருவிக்குக் குளிர் விட்டுப் போவும்."

ஜெயப்பிரியா வெள்ளைச் சிடிகளைப் பிரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யப்பா, பாட்டு மினுக்குற பக்கத்துல இல்ல. எழுத்துப் பக்கத்துத் தோலு இருக்குல்லா, அதுக்கு அடியில இருக்கு. மினுக்குற பக்கம் கீறுனா தேச்சுக்கிடலாம். எழுத்துப் பக்கம் கீறுனாத்தான் போச்சு. அத்த அந்தப் பக்கத்தத்தான் உள்ள வச்சுக் கட்டிருக்கா."

பூவனநாதன் அக்காவைப் பார்த்தார். "யக்கா, நீ பதினெட்டாம் கேஜு."

"ஏசுதானா, மெச்சுதானா?" என்று முத்துத்தாய் மருமகளைக் கேட்டாள்.

பதின்மூன்று ஜோடியையும் அவிழ்த்து, சாக்கையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சிடிகளின் பனித் தடத்தையும் கரிசல் தூசியையும் வீட்டில் ராதாமணியின் பழைய நூல் சேலையால் துடைத்து எடுத்தார்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக்கூடாது என்று மகள் சொன்னபோது, வட்டமாகவே சுற்றிப் பழகிய அந்தக் கைகள் சற்றுத் தடுமாறின.

இந்த முறை ஜெயப்பிரியா வேறொரு மென்பொருளைப் போட்டாள். அது ஒவ்வொரு பாட்டையும் இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்ததற்கு நகரும். ஒரு சிடிக்குக் கால் மணி நேரம். படித்ததைச் சுருக்கி வைக்கும் என்றதும் பூவனநாதன் நிமிர்ந்தார்.

"சுருக்கினா அலுமினியந்தான?"

"இல்லப்பா. பாயச் சுருட்டி வைக்கோம். விரிச்சா அதே பாய். எம்பி3 பாய வெட்டுது. வெட்டுனது வெட்டுனதுதான்."

வார்த்தையை நம்புகிறவர் இல்லை. திரும்பி உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஒரே பாட்டைச் சிடி, எம்பி3, சுருட்டிய பாய் என மூன்று விதத்தில், எது எதுவென்று சொல்லாமல் அவள் மாற்றி மாற்றிப் போட வேண்டும். எம்பி3 வந்ததும் பத்து நொடியில் கை உயர்ந்தது: "இதுல தவிலு மழுங்கிக் கெடக்கு." மற்ற இரண்டில் எது சிடி, எது சுருட்டிய பாய் என்று எட்டு முறை கேட்டும் அவரால் பிரிக்க முடியவில்லை. ஒன்பதாவது முறை சுருட்டியதைப் போடச் சொல்லிவிட்டு, எழுந்து வந்து டிரேயைத் திறக்கச் சொன்னார். உள்ளே இருந்த சிடியைக் கையில் எடுத்தார். அப்போதும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் காலையில் ஆறிப்போன காப்பியைச் சூடு பண்ணித் தரச் சொல்லிக் கேட்டார்.

இருபத்தைந்து வெள்ளைச் சிடிகள் பழுதில்லாமல் ஏறின. ஒன்றில் மட்டும் ஓரத்தைக் கம்புத் தட்டை உரசித் தோல் பெயர்ந்திருந்தது. கடைசி மூன்று நிமிடம் வரவில்லை. மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மூணு நிமிசந்தான? குருவி தின்னுட்டுன்னு வச்சுக்கிடுதேன்" என்றார். உடனே எழுந்துபோய், மதியம் சாப்பிடாத சோற்றைச் சாயங்காலம் நாலரைக்கு உட்கார்ந்து சாப்பிட்டார். சாம்பாரில் உப்பு கூடுதல் என்று ராதாமணியே ஒத்துக்கொண்டார். இவர் இரண்டாம் முறை வாங்கி ஊற்றிக்கொண்டார்.

ஜெயப்பிரியா சென்னைக்குப் போன பிறகு மிச்சம் நூற்று அறுபதையும் அவரே ஏற்றினார். பட்டறைக்குப் போகும் முன் இரண்டு, வந்த பிறகு நான்கு. அவசரப்படவில்லை. பிளேயர் இப்போது சட்டைப்பையில் இருக்கிறது. வெடித்த பாதையில் மொபெட் எகிறினாலும் ராகம் தன் ஊரிலேயே இருக்கிறது. வாடிக்கையாளர் யாராவது "என்ன அண்ணாச்சி, காதுல?" என்றால் ஒரு பக்கத்தைக் கழற்றிக் கொடுத்துக் கேட்கச் சொல்கிறார். கேட்டவர் "நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

தை முடிகிற சமயத்தில் இடைசெவலிலிருந்து அக்காவின் போன் வந்தது. "ஏலே, குடுத்தத திருப்பி வாங்குன பயலே! சோளம் பால் பிடிச்சிட்டு. படைக்குருவி படை படையா எறங்குது. என்ன செய்யப்போற?"

மெயின் ரோட்டில் போய் ஐம்பது வெற்றுச் சிடிகள் இருக்கிற ஒரு டப்பா வாங்கி வந்தார். எழுதப்படாத புதுச் சிடி. மினுக்கத்துக்குக் குறைவில்லை.

"இத அப்படியே பஸ்ஸுல குடுத்துவிட வேண்டியதுதான?" என்றார் ராதாமணி.

"பொறு."

டப்பாவைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்து, முதல் சிடியை எடுத்து டிரேயில் போட்டார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு அந்தச் சிடியை எடுத்துச் சாக்கில் போட்டுவிட்டு, இரண்டாவதை எடுத்தார்.