குளியலறைச் சன்னலில் அறைந்த பலகை

பிடரியில் சொட்டென்று விழும் அந்தக் குளிர்ந்த நீர்த்துளியை இன்றைக்கு நினைத்தாலும் தோள் தானாகச் சுருங்கிக்கொள்கிறது. சுடுநீரில் குளித்துக்கொண்டிருக்கும்போதே மேலே கூரைத் தகட்டில் கூடிய ஆவி ஆறித் துளியாகி, சரியாக ஆளைத் தேடி விழும். சுவரெல்லாம் தண்ணீர் வழியும், கண்ணாடியில் முகம் தெரியாது, மூலைகளில் கறுப்பாய்ப் படர்ந்திருந்த "பூஞ்சணம்" நனைந்த சாக்கைப் போல நாறும். கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குச் சற்று மேலே, நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குளியலறை அது. கையை விரித்தால் இரண்டு பக்கமும் சுவரில் இடிக்கும்.

அப்பா கண்டியில் ஒரு கந்தோரில் எழுத்துவேலை பார்க்கும் கிளாக்கர். அம்மா ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் டீச்சர். கிழமை நாட்களில் அங்கேயே குவார்ட்டஸில் தங்கி, வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். கூடப்பிறந்தவர் என்று எனக்கு யாருமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, நானே கதவைத் திறந்து, ஆறிப்போன சோற்றை நானே போட்டுத் தின்று, அப்பா வரும்வரை அந்த வீட்டில் கிடக்க வேண்டும். தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதே இல்லை, எனக்கு அது ஒருநாளும் பழகவில்லை. போதாததற்கு "இழுப்பு" என்கிற மூச்சிரைப்பு வேறு. பச்சைத்தண்ணீர் ஆகாது என்றுதான் அப்பா குளியலறையில் "ஹீட்டர்" பூட்டினார்.

அந்தக் குளியலறைக்கு ஒரே ஒரு சன்னல். அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பின்முற்றம். அங்கே சாச்சி இருந்தார். பாலத்தடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவரின் மனைவி, பிள்ளையில்லாதவர், தன்னைச் "சாச்சி", அதாவது சின்னம்மா, என்று என்னைக் கூப்பிடச் சொன்னதும் அவர்தான். குளித்து முடித்து, உடுத்துக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றால், உடுப்புக் கழுவிக்கொண்டே "சோறு திண்டியா புள்ள?" என்று கேட்பார். கேள்வி எப்போதும் அதுதான், ஆனால் அதிலிருந்து பேச்சு எங்கெங்கோ போகும். ஆவியெல்லாம் என் தலைக்கு மேலாக அவர் பக்கம் போய்க் கரையும். அந்த நாளில் எங்கள் சுவரில் பூஞ்சணம் கிடையாது.

சாச்சியின் கணவர் ஒருநாள் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அன்றைக்கே அடக்கம் நடந்தது. அப்பா போய்விட்டு வந்தவர், மறுநாளே ஒரு பலகை வாங்கி வந்து குளியலறைச் சன்னலில் வைத்து ஆணி அறைந்தார். "அவங்க புருசனுக்காக இத்தா இருக்காங்க. நாலு மாசம் பத்து நாளைக்கு வெளி ஆம்பளைங்க கண்ணுல படக்கூடாது. நம்ம சன்னல் அந்தப் பக்கம் தொறந்திருக்கிறது மரியாத இல்ல. நீயும் சும்மா கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாத" என்றார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு வழக்கத்தை அந்த வீட்டாரைவிட ஒரு படி கூடுதலாகக் காப்பாற்றுவது அப்பாவின் குணம்.

அதன் பிறகுதான் சுவர் அழத் தொடங்கியது. அப்பா என்னென்னவோ செய்து பார்த்தார். குளித்ததும் பழைய சாரத்துண்டால் சுவரைத் துடைக்கச் சொன்னார், கதவை ஒரு சாண் திறந்துவைக்கச் சொன்னார், ஈரத்தை இழுக்கட்டும் என்று சட்டியில் அடுப்புக்கரி வைத்தார், சுண்ணாம்பு அடித்தார். சுண்ணாம்புக்கு மேலேயே மறுபடி கறுப்புப் பூத்தது. எனக்கு இழுப்புக் கூடியது. நான் பலகையில் காதை வைத்துக் கேட்பேன். அந்தப் பக்கம் வாளி நகரும், குழாய் ஓடும், ஒரு பேச்சு வராது. அவருக்கு என்னை மறந்துபோய்விட்டது என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்து அழுதும் இருக்கிறேன்.

அம்மாவையும் அப்பா அந்தப் பக்கம் போகவிடாமல்தான் வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை, மூச்சு வாங்கிக்கொண்டு நான் கட்டிலில் உட்கார்ந்திருக்க, அம்மா குளியலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "ஆவி வெளிய போக இருந்த ஒரே வழிய அடச்சுப்புட்டு, சொவரத் தொடச்சுக்கிட்டு இருக்கீங்க. நல்லா இருக்கு நீங்க பண்ற வேல" என்று அப்பாவிடம் சொன்னவர், பதிலுக்கு நிற்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு சாச்சி வீட்டுக்கு நடந்தார்.

சாச்சி வெள்ளைச் சேலையில் உள்ளறைக் கதிரையில் இருந்தார். மெலிந்துபோயிருந்தார். சன்னலைத் திறக்கலாமா என்று அம்மா கேட்டார். "பொம்பளையளும் புள்ளையளும் வரேலும்தானே டீச்சர், ஆரு வேணாமெண்டது? நான் நெனச்ச, புருசன் இல்லாதவள்ட மொகத்துல முழிக்கக் கூடாதெண்டு நீங்க அடச்சிட்டீங்களெண்டு. ஒங்கட ஆக்கள்ள அப்பிடி ஈக்கிதுதானே."

"அவரு மரியாதைக்குத்தாங்க அடச்சாரு" என்றார் அம்மா.

"புள்ள இருமுறது எனக்குக் கேக்கும். கூப்பிடுவமா எண்டு வாய் வரைக்கும் வரும். வேணாமெண்டு அடச்சவங்கள எப்பிடிக் கூப்பிடுற?" சாச்சி என் தலையைத் தடவினார். "பலகையக் கழட்டச் செல்லுங்க. புள்ளட வாப்பா குளிக்கிற நேரம் நான் உள்ளுக்கு ஈந்துக்குவேன். சோறு திண்டியா புள்ள?"

நான் அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டேன். அப்பா அன்று பின்னேரமே பலகையைக் கழற்றினார். அதன்பின் குளிக்கப் போகுமுன் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் செருமுவார். அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே போவார்.

ஆனால் அதற்குள் இத்தா முடியும் நாள் நெருங்கிவிட்டிருந்தது. எங்களுக்குக் கிடைத்தது சில பின்னேரங்கள்தான். இத்தா முடிந்த கையோடு கலகெதரையிலிருந்து சாச்சியின் தம்பி வேனில் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். கையசைக்க நான் வாளியில் ஏறி நின்றேன். வேன் முன்பக்கமாகப் போய்விட்டது. சுவர் காய்ந்தது, பூஞ்சணம் போனது, இழுப்பும் குறைந்தது. "பாத்தியா, காத்து வந்தா எல்லாம் சரியாகிரும்" என்று அப்பா சந்தோஷமாகச் சொன்னார். நான் வெறும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

போன வருடம் அந்தப் பக்கம் போனபோது, இப்போது குடியிருக்கும் பெண்ணிடம் கேட்டு அந்தக் குளியலறையைப் பார்த்தேன். சாச்சி வீடு இல்லை. அந்த இடத்தில் மாடிக் கட்டடம் ஒன்று, எங்கள் சன்னலுக்கு ஒரு முழம் தள்ளி, வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. சன்னல் சாத்தியிருந்தது, மூலையில் அதே கறுப்பு. திறந்துவையுங்கள், காயும் என்றேன். "தொறந்தா சொவருதாங்க தெரியுது" என்றாள் அவள்.

என் வீட்டுக் குளியலறையில் இன்று காற்றை இழுக்கும் விசிறி ஓடுகிறது, ஒரு துளி தங்குவதில்லை. ஆனாலும் குளித்து முடித்ததும் விசிறியை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா நிற்கிறேன். நான் சாப்பிட்டேனா என்று கேட்க யாரும் இல்லை.