பருப்பு வேகாத தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கம். ராசிபுரம் பக்கம் ஒரு சிற்றூரில், ஏரியோரத்து ஓலைக் குடிசையில் இருந்தோம். மழை வலுத்தால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வராந்தாவுக்கு ஓட வேண்டும். அந்த வருடம் எங்களைப் போன்ற கூலிக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தொகுப்பு வீடு கட்டித் தரப் போவதாகச் செய்தி வந்தது. இடமும் பார்த்திருந்தார்கள். ஜவ்வரிசி ஆலைக்குக் கீழ்ப்புறம், ரோட்டை ஒட்டிய புறம்போக்கு. சமதரை, பக்கத்திலேயே கிணறு. நாங்கள் மனசுக்குள் குடியேறியே விட்டோம்.

வேலை தொடங்கும் முன் இடத்தைச் சோதித்து எழுதித் தர ஓர் அதிகாரி வந்தார். அவர் சரி என்றால்தான் வீடு. இல்லாவிட்டால் திட்டமே வேறு ஊருக்குப் போய்விடும் என்று எல்லோருக்கும் பயம். அப்போது மரவள்ளிக்கிழங்கு வரத்து இல்லாமல் ஆலை நின்றிருந்தது. நாற்றம் இல்லை. கழிவுநீர் ஓடையும் காய்ந்து கிடந்தது. அவர் அந்த ஓடைக்குள்ளேயே இறங்கி நடந்தார். மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். கிணற்றுத் தண்ணீரைச் சேந்தச் சொன்னார். கண்ணாடி மாதிரி இருந்தது. எங்களுக்கு மூச்சு வந்தது.

அவர் கொஞ்சம் வாயில் விட்டுப் பார்த்தார். சோதனைக்கு ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டார். முடிவு வர நாளாகும், உப்பும் கழிவும் ஏறிய தண்ணீரில் பருப்பு வேகாது, அதற்குள் இந்தத் தண்ணீரில் யாராவது துவரம்பருப்பு வேகவைத்துக் காட்டுங்கள் என்றார்.

எல்லோரும் என் மாமியாரைப் பார்க்க, அவர் என்னைப் பார்த்தார். வெளியாட்கள் முன்னால் தலை நிமிராதவள் நான். அங்கேயே கல் கூட்டி அடுப்பு மூட்டினேன். பருப்பு கொதித்தது, கொதித்துக்கொண்டே இருந்தது. நசுக்கிப் பார்த்தால் நறுக்கென்று நின்றது. ஊரே என் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் விறகை இன்னும் உள்ளே தள்ளினேன்.

மாமியார் ஒரு பொட்டலம் சோடா உப்போடு வந்து என்னருகில் குந்தினார். "ஒரு சிட்டிகை போடு புள்ள. ஊடு வேணுமா வேண்டாமா?" என்றார் மெதுவாக. அது அதிகாரியின் காதிலும் விழுந்துவிட்டது. கோபிப்பார் என்று பயந்தேன். சிரித்தார்.

"ஏனுங்கம்மா, சோடா போட்டா எந்தத் தண்ணியிலயும் வெந்துருமுங்க. காப்பித்தண்ணிக்கும் போடுவீங்களா?"

நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமியார் மட்டும் விறைப்பாக, எங்களுக்குப் பழகிவிடும், எழுதிக் கொடுங்கள் என்றார்.

அதிகாரி ஒரு தட்டு கேட்டார். யாரோ கொண்டுவந்த சோற்றில் அந்த வேகாத பருப்பை ஊற்றிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, மாமியார் தோளில் கிடந்த என் குழந்தையைக் காட்டிச் சொன்னார்.

"நான் ஒரு வேளை தின்னுட்டு ஜீப் ஏறிப் போயிருவேன். இந்தக் கண்ணு தெனமும் ஆலைக் கழிவு ஊறுன இதையில்ல குடிக்கோணும்? என்னால எழுத முடியாதுங்க."

ஜீப் போனதும் ஊரில் அவரைத் திட்டாத வாய் இல்லை. அன்று ராத்திரி எங்கள் குடிசையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அவர் எங்களை அப்படியே விட்டுவிடவில்லை. மறுபடி மறுபடி வந்தார். ஆலைக்கு மேற்புறம் பாறைக் கரட்டின் அடிவாரத்தில் அரசாங்க நிலம் இருப்பதைக் கண்டுபிடித்து, அங்கே முதலில் போர் போடச் செய்தார். நல்ல தண்ணீர் வந்த பிறகுதான் அஸ்திவாரம். ரோட்டுக்குத் தூரம், பாம்பு வரும் என்று அதற்கும் முணுமுணுத்தோம்.

சுவர் எழும்பும்போது கிழங்குக் காலம் வந்து ஆலை ஓடத் தொடங்கியது. நாங்கள் ஆசைப்பட்ட அந்தப் புறம்போக்கு முழுக்கப் புளித்த கழிவுநீர் பரவி நின்றது. மேட்டில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்த மாமியார், "அந்த மகராசன் நல்லா இருக்கோணும்" என்றார்.

வீடு கொடுத்த விழாவில் நிறையப் பேருக்கு மாலை போட்டார்கள். அவர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். இருந்திருந்தால், கூச்சத்தை விட்டு நானே ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அதன் பிறகு கேட்டதைக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்; நாங்கள் கேட்டதை எங்களுக்காகவே மறுத்து, அதற்காகத் திட்டும் வாங்கிக்கொண்ட அந்த ஒருவரைத்தான் இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.