இரும்பு அலுமாரிக்குள் இருந்த ரவுட்டர்

கரைத்தீவில் தனியாக இருந்த வாப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் கமரா பூட்டினோம். நான் புத்தளத்திலிருந்து போனில் பார்ப்பேன். படம் எப்போதும் சில நிமிடம் பிந்தித்தான் வரும்; ஏனென்று தெரியாது.

அன்று படத்தில் வாப்பா கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அந்நேரம் பக்கத்து வீட்டு ராத்தா கோல் எடுத்தார்.

"தங்கச்சி, வாப்பா விழுந்து கெடக்காரு, ஓடி வாங்க!"

"இல்ல ராத்தா, கதிரையிலதானே இரிக்கிறாரு" என்றேன், படம் பிந்தி வருவதை மறந்து.

நான் போய்ச் சேருவதற்குள் மௌத்தாகிவிட்டார்.

ஜனாஸா அடக்கம் முடிந்த பிறகுதான் பார்த்தேன். உப்புக்காற்றில் பழுதாகிவிடும் என்று, கமராவுக்கு இன்டர்நெட் தரும் ரவுட்டரைத் துணியால் சுற்றி, சிக்னல் வெளியே வராத இரும்பு அலுமாரிக்குள் வைத்திருந்தார் வாப்பா. வெளியே எடுத்ததும் போனில் படம் உடனே வந்தது. கதிரை வெறுமையாக இருந்தது.

இப்போது தனியாக இருக்கும் மாமியின் வீட்டிலும் கமரா பூட்டியிருக்கிறோம்; அதில் படம் பிந்துவதில்லை. ஆனாலும் முதலில் கோல் எடுத்து, அவரின் குரலைக் கேட்ட பிறகே படத்தைப் பார்க்கிறேன்.