சொல்லாதிருந்த அருளப்பன்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, நான் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்க்கும் ரப்பர் கடையின் வாசலில் பாக் ஒஸ்மான் வந்து சைக்கிளை நிறுத்தினார். கால்நடை மருத்துவமனையில் வேன் ஓட்டுகிறவர் அவர். உள்ளே வராமல் படியிலேயே நின்று, "அருள் சுடா தாடா" என்றார். அருள் இனி இல்லை. முந்தின நாள் மாலை கொல்லையில் கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்து சாய்ந்துவிட்டாராம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போவதாக இருந்தேன். அதற்கு முந்திய மூன்று ஞாயிறுகளிலும் போவதாகத்தான் இருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அருளப்பன் அண்ணன் கால்நடை மருத்துவமனையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உதவியாளராக இருந்தவர். மருத்துவர் ஊசி போடும்போது மாட்டையும் நாயையும் பிடித்துக்கொள்வது அவர் வேலை. காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார். உயரமான மனிதர், மெதுவாகப் பேசுவார், எப்போதும் கார்பாலிக் சோப்பு வாசனை அவரோடு வரும். அவருக்கும் திரேசம்மாள் அக்காவுக்கும் பிள்ளைகள் இல்லை. அதனாலேயே பிள்ளை வளர்ப்பைப் பற்றி அவர் சொன்ன எதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன்.

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வருவதற்கு முந்திய ஆண்டு எங்கள் தெருவில் திருட்டு பெருகியிருந்தது. காவலுக்கு ஒரு நாய் வளர்க்க நினைத்தேன். மலாக்கா செட்டிகள் வாழும் கம்போங் சிட்டியில் ஒரு வீட்டில் நாய் குட்டி போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். குட்டிகள் கண் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த வீட்டு அம்மாள் நம்மைப் போலவே நெற்றியில் விபூதி இட்டிருந்தார். பேச்சு மட்டும் மலாய். "மாசே கெச்சிக் லா," இன்னும் சிறிசு என்று தயங்கினார்.

"அவங்க சொல்றது சரிதான் கிராணி," என்றார் அருளப்பன். "இன்னும் ஆறு வாரம் தாய்கிட்ட இருக்கட்டும். கூடப் பொறந்ததுங்கள கடிச்சு, அதுங்ககிட்ட கடி வாங்கித்தான் எவ்வளவு கடிச்சா வலிக்கும்னு ஒரு குட்டி கத்துக்கும். அத நம்மால சொல்லிக்கொடுக்க முடியாது."

"எனக்குக் கடிக்கிற நாய்தானே வேணும்!" என்று சிரித்துவிட்டு அன்றே ஒன்றை எடுத்து வந்தேன்.

டைகர் என்று பெயர் வைத்தோம். ரோஷம் வருமென்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சோற்றில் மிளகாய்த்தூள் கலந்தேன். சமையலறைக்குப் பின்னால் வெளிச்சம் படாத மூலையில் கட்டிப்போட்டேன். குரைக்காவிட்டால் அடித்தேன், வேண்டாத நேரத்தில் குரைத்தாலும் அடித்தேன். என் மகன் சேகரனுக்கும் அதே ரோத்தான் பிரம்புதான். அவனுக்கு அப்போது பத்து வயது. கணக்கில் தப்பினால் நான்கு அடி, பள்ளியிலிருந்து நேரம் கழித்து வந்தால் ஆறு அடி. என் அப்பா என்னை அப்படித்தான் வளர்த்தார், நான் என்ன கெட்டா போய்விட்டேன் என்று கேட்பேன்.

அருளப்பன் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு முறை. ஒரு சனிக்கிழமை சேகரனை அடித்துக்கொண்டிருந்தபோது கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தார். என் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கிக்கொண்டு போய் வாசலில் இருந்த சாக்கடையில் எறிந்தார்.

"அடிக்கும்போது அவன் கண்ணப் பாருங்க. அவன் கணக்கு படிக்கல. உங்க கை எப்ப ஏறும், எப்ப எறங்கும்னு அதத்தான் படிக்கிறான்."

"பெத்தவனுக்குத் தெரியும்," என்றேன்.

அவர் வீட்டுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை நான் புதுப் பிரம்பு வாங்கி வந்தேன்.

மெர்டேக்கா கிடைத்த வாரம் மலாக்கா முழுவதும் கொடியும் தோரணமுமாக இருந்தது. ஒரு பிற்பகல் பண்டார் ஹிலிர் திடலில் கூட்டம் பார்த்துவிட்டுத் திரும்பினேன். எங்கள் தெருவில் சரம் சரமாகப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. அதையும் மீறி ஓர் அலறல் கேட்டது. டைகர் வெளியே வந்திருந்தது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் மேல் பாய்ந்த நாய்க்குக் குறுக்கே அருளப்பன் போய் நின்றிருக்கிறார். நான் பார்த்தபோது அவருடைய வலது கை அதன் வாயில் இருந்தது. அவர் கையை இழுக்கவில்லை. குனிந்து அதனோடு மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். வேலியோரம் சேகரன் வெளுத்துப்போய் நின்றான்.

அந்தக் கையின் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. மாட்டைப் பிடிக்க முடியாதவரானார். மருந்துப் புட்டிகளைக் கழுவும் வேலைக்கு மாற்றினார்கள்.

சங்கிலி அறுபடவில்லை, கொக்கிதான் விட்டிருந்தது. கொக்கி தேய்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டி, விற்ற கடைக்குப் போய்ச் சண்டையும் போட்டேன். நாயைச் சுட ஆள் சொல்லிவிட்டதாக ஆஸ்பத்திரியில் அவரிடம் சொன்னேன்.

"வேணாம் கிராணி. பத்து நாள் கட்டிவெச்சுப் பாப்போம். நோய் இல்லேன்னா எனக்குக் குடுத்துருங்க."

"உங்க கையக் கடிச்ச நாய் அண்ணே!"

"அதுக்குத் தெரிஞ்சத அது செஞ்சிச்சு. வேற எதையும் நாம அதுக்குச் சொல்லிக்குடுக்கலையே."

'நாம' என்றார். 'நீங்க' என்று சொல்லவில்லை. அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

பத்து நாளில் நோய் இல்லையென்று தெரிந்ததும் டைகரை அவரிடமே கொடுத்தேன். தினமும் வேலை முடிந்து வந்து, நாய்க்கு முதுகைக் காட்டிக் கொல்லையில் ஒரு முக்காலி போட்டு உட்காருவார். நான்கு மாதம் கழித்து அது அவர் கையிலிருந்து சாப்பிட்டது. ஆனால் திரேசம்மாள் அக்கா துணி உலர்த்தக் கையைத் தூக்கினால் போதும், நடுங்கித் தரையோடு ஒட்டிக்கொண்டு சிறுநீர் விட்டுவிடும். சாகும்வரை அப்படித்தான் இருந்தது.

"எல்லாம் சரியாயிடுச்சா?" என்று ஒருமுறை வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன்.

"பாதி. மீதி வராது கிராணி. மொத ரெண்டு மாசத்த யாரு திருப்பிக் குடுக்கிறது?"

சேகரன் நாள்தோறும் மாலையில் அங்கே போய்விடுவான். நாய்க்காகப் போகிறான் என்று நினைத்தேன். நாய் செத்த பிறகும் போனான்.

சென்ற ஆண்டு அருளப்பன் ஓய்வு பெற்றுப் புக்கிட் காதிலுக்குக் குடிபோனார். சேகரனுக்கு இந்த ஆண்டு சிரம்பானில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை பழக இடம் கிடைத்தது. புறப்படுவதற்கு முதல் நாள் பெண்டஹாரா சாலையில் அவனுக்குச் சட்டைத் துணி எடுத்துக்கொண்டு இருவரும் நடந்து வந்தோம். பாதி வழியில் நின்றான்.

"அப்பா, அன்னிக்கு டைகர் தானா வரல. நான்தான் அவுத்து விட்டேன். பட்டாசுக்குப் பயந்து கழுத்த நெரிச்சுக்கிட்டு இருந்துச்சு. பாக்க முடியல."

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னைக் கொன்னிருப்பீங்க."

கோபமில்லாமல், மழை வரும் என்பதுபோல் சொன்னான். ஆஸ்பத்திரியிலேயே அருளப்பன் மாமாவிடம் சொல்லி அழுததாகவும் சொன்னான். "உங்கப்பா ஒரு நாள் கேக்கிற மாதிரி ஆவாரு, அன்னிக்கு நீயே சொல்லு" என்றாராம் அவர். நான் கொக்கியையும் கடைக்காரரையும் திட்டியதையெல்லாம் ஆறு ஆண்டுகள், மடங்காத விரல்களோடு, என் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் எதிர்பார்த்த நாள் அது அல்ல. நான் மாறிவிட்டேன் என்று சேகரன் சொல்லவில்லை. மறுநாள் அவன் போகிறான், இனி என் கை எட்டாது, அதனால் சொன்னான்.

அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று அன்றே முடிவு செய்தேன். முதல் ஞாயிறு மழை. இரண்டாவது ஞாயிறு ஒரு கல்யாணம். மூன்றாவது ஞாயிறு சட்டை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை போய்த் திரும்பி வந்தேன். எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. காரணம் அவ்வளவுதான்.

அடக்கத்துக்குச் சேகரன் சிரம்பானிலிருந்து வந்திருந்தான். பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்ததும், முதல் பிடி மண்ணை யார் போடுவது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். திரேசம்மாள் அக்கா நிமிர்ந்து, "சேகரா, நீ போடுப்பா" என்றார். அவன் குழிக்கருகே மண்டியிட்டு வாய்விட்டு அழுதான். வளர்ந்த பிறகு அவன் அழுது நான் பார்த்ததில்லை. அடி வாங்கும்போதுகூட அழ மாட்டான்.

என் அருகில் நின்ற முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் கேட்டார்: "இறந்தவரோட மகனா?"

"ஆமாங்க," என்றேன்.

பிறகு வரிசையில் நின்று, என் முறை வந்தபோது நானும் ஒரு பிடி மண் போட்டேன். அண்ணே, போய் வாருங்கள். சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லாமலே அனுப்பிவிட்டேன்.