தெரிந்தவர் கையெழுத்து

மெட்ராஸ் சென்னை ஆவதற்கு முந்தின வருஷம். தி.நகர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடை வாசல் நடைபாதையில் நானும் என் மகளும் இருந்தோம். அவளுக்கு அப்போது ஐந்து வயது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஓட்டலில் பாத்திரம் தேய்த்தேன்.

பக்கத்தில் இன்னொருத்தி. ஊக்கு, பாவாடை நாடா விற்பவள். தனி ஆள். தூங்கும்போது குழந்தையை யாராவது தூக்கிப் போய்விடுவார்களோ என்று எனக்குப் பயம். அவள் ஒரு நாடாவை எடுத்து, ஒரு முனையை என் மகள் காலிலும் மறுமுனையைத் தன் கையிலும் கட்டிக்கொள்வாள். "நீ தூங்கு. நான் கீறேன்ல" என்பாள். மூன்று வருஷம் அப்படித்தான் தூங்கினேன்.

மந்தைவெளியில் ஒரு சேவை நிலையம் இருந்தது. தெருவில் இருப்பவர்களுக்கு வாடகை அறை பிடித்துக் கொடுப்பார்கள். மாதம் ஒரு தடவை அங்கிருந்து ஒரு அக்கா வந்து, எப்படி இருக்கிறோம் என்று பார்ப்பார். எனக்கு மேற்கு மாம்பலத்தில் அறை கிடைத்தது. ஆறு வீடுகளில் முடியாது என்று சொன்ன பிறகு கிடைத்தது. வீட்டுக்கார அம்மா ஒன்றுதான் சொன்னார்: "பிளாட்பாரத்து ஆளுங்க யாராவது இங்க வந்தா, அன்னிக்கே காலி பண்ணிடணும்." தலையாட்டினேன்.

விலாசம் இருந்ததால் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினேன்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால் நாடாக்காரி. எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தாள். கையில் ஒரு தாள். கசங்காமல் இருக்க அட்டையில் வைத்துப் பிடித்திருந்தாள். எனக்குத் தெரிந்த தாள்தான், அந்த நிலையத்து மனு. கடைசியில் 'மனுதாரரைத் தெரிந்தவர்' என்று ஒரு இடம் இருக்கும். விலாசம் உள்ள ஒருவர் அதில் கையெழுத்துப் போடணும். எனக்கு ஓட்டல் முதலாளி போட்டார். அவளுக்குத் தெரிந்தவர்களில் விலாசத்தோடு இருந்த ஆள் நான் ஒருத்திதான்.

"யாரையோ தேடிண்டு நிக்கறா. உனக்குத் தெரிஞ்சவளா?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார்.

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. "வூடு மாறி வந்துட்டேம்மா. அடுத்த தெரு போலக்கீது. கோச்சுக்காத" என்றாள். படியில் கிடந்த என் மகளின் செருப்பை மட்டும் ஒரு தரம் பார்த்தாள். போய்விட்டாள்.

தெருமுனை வரைக்கும் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. உள்ளே போய் அரிசி களைந்தேன்.

அந்த மாதம் அக்கா வந்தார். "அவள உங்கிட்டதான் அனுப்பினேன். வீடு கண்டுபிடிக்க முடியலன்னு தாளத் திருப்பிக் குடுத்துட்டா. அவளுக்குன்னு பாத்து வெச்ச ரூமும் வேற ஆளுக்குப் போயிடுச்சு. இங்க வரவேயில்லையா?"

"வரலக்கா" என்றேன். இரண்டாவது தடவை.

மறுநாள் நடைபாதைக்குப் போனேன். நாங்கள் படுத்த இடத்தில் கம்பித் தடுப்பு போட்டிருந்தார்கள். கரும்புச்சாறு வண்டிக்காரர்தான் அடையாளம் கண்டு பேசினார். "இன்னாம்மா, இப்ப வந்து கேக்கற? எல்லாரையும் கெளப்பி வுட்டு பத்து நாளாச்சு. அது பெருங்குடிப் பக்கம் போச்சுன்னாங்க. ஒன்னியப் பத்திதான் சொல்லிக்கினே இருக்கும், 'என் தோஸ்துக்கு வூடு கீது'ன்னு."

பெருங்குடிக்கு நாலைந்து தடவை போனேன். அவள் கிடைக்கவில்லை.

இன்றைக்கும் அதே அறைதான். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. வீட்டுக்கார அம்மா இப்போது இல்லை. யார் வந்தாலும் கேட்க ஆளில்லை. கையெழுத்துக்கு ஆள் கிடைக்காதவர்களை அந்த நிலையத்திலிருந்து என்னிடம் அனுப்புகிறார்கள். பாதிப் பேரை அதற்கு முன் நான் பார்த்ததுகூடக் கிடையாது. எல்லாரையும் தெரியும் என்று கையெழுத்துப் போடுகிறேன். தெரிந்த ஒருத்திக்குத்தான் போடவில்லை.